இத்தாலிய கிராண்ட் டூரிங் செடான் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வடிவமைப்பு படிக்கும் மாணவர்களும் கார் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களுக்குப் பெரும்பாலும் மஸராட்டி குவாட்ரோபோர்ட்டேதான் எடுத்துக்காட்டு. 1963 முதல் 2023 வரை, நடுவில் சில இடைவெளிகளோடு, ஆறு தலைமுறைகள் வந்த கார் அது. இந்த வகைக் காரில் நேரக்கூடிய சிக்கல்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. கேள்விகளை வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வருபவை முன்னால் சொன்ன கணக்குகளை நம்பித்தான் நிற்கின்றன.

கிராண்ட் டூரிங் செடான்னா என்ன? பெரிய சொகுசு கார்னு சொன்னா போதாதா?

போதாது. லிமோசின் பின்சீட்டில் இருப்பவருக்காகச் செய்யப்படுவது. ஸ்போர்ட்ஸ் செடான் ஸ்டியரிங் பிடிப்பவருக்காகச் செய்யப்படுவது. கிராண்ட் டூரிங் செடானுக்கு வேலை வேறு: நான்கு பெரியவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நாள் முழுக்க அதிவேகத்தில் ஓட வேண்டும், ஓட்டுபவருக்கு அலுப்புத் தட்டக் கூடாது, பின்னால் இருப்பவர் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கவும் கூடாது.

முதல் குவாட்ரோபோர்ட்டே 1963 டூரின் கண்காட்சியில் வந்தது. பியெத்ரோ ஃபுருவா வரைந்த உடல், 4.1 லிட்டர் வி8 இன்ஜின், மணிக்கு 230 கி.மீ. வேகம். மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ஆட்டோஸ்ட்ராடா டெல் சோலே முழுமையாகத் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. அந்த மாதிரி நெடுஞ்சாலைதான் இந்தக் காருக்கு வீடு. பெட்ரோல் டாங்க், டிக்கி, கதவுக் கண்ணாடி எதை முடிவு செய்தாலும் இந்தப் பயணத்தை மனதில் வைத்துச் செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வரையறப்போ எங்கிருந்து தொடங்கணும்? முகப்பா, பக்கவாட்டா?

பக்கவாட்டு. முகப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பக்கவாட்டில் விகிதம் தவறினால் பிறகு எதுவும் காப்பாற்றாது. முதலில் தரைக்கோடு. அதன்மேல் இரண்டு சக்கரங்கள். அடுத்து முன்சக்கர மையத்துக்கும் முன்கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் உள்ள தூரம். பிறகு முன் இருக்கை, பின் இருக்கை இரண்டிலும் உட்காருபவரின் இடுப்புப் புள்ளி. கூரைக்கோடு இதற்கெல்லாம் பிறகுதான். மாணவர்களில் பலர் கூரையை ஒரே வீச்சில் அழகாக வரைந்துவிட்டு ஆளைக் கடைசியில் உள்ளே திணிக்கிறார்கள். அப்போது ஆளின் தலை கூரைக்கு வெளியே நிற்கிறது, அந்த அழகான கோட்டைக் கலைக்க மனசும் வருவதில்லை.

உண்மையான அளவுகளை எடுத்து அதன்மேல் வரைந்து பழகுங்கள். ஐந்தாம் தலைமுறை (2003): நீளம் 5052 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 3064, உயரம் 1438. ஆறாம் தலைமுறை (2013): நீளம் 5262, வீல்பேஸ் 3171, உயரம் 1481. நீளத்திலிருந்து வீல்பேஸைக் கழித்தால் முன்னும் பின்னும் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வரும். இரண்டு காரிலும் அது மொத்த நீளத்தில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கார் 21 செ.மீ. வளர்ந்தும் இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

சக்கரம் எவ்வளவு பெருசா இருக்கணும்? 21 இன்ச் போட்டா கம்பீரமா இருக்குமே?

கண் பார்ப்பது டயரின் வெளி விட்டத்தை. ரிம் இன்ச் அதில் ஒரு பகுதிதான். 245/40 ஆர்20 டயரைக் கணக்கிடுங்கள் (245 டயரின் அகலம் மி.மீ.-இல், 20 ரிம்மின் இன்ச்): பக்கச்சுவர் 245-இல் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. இரண்டு பக்கமும் 196. ரிம் 508. மொத்தம் 704. அதே காரில் 245/35 ஆர்21 போட்டால் 172 கூட்டல் 533, மொத்தம் 705. வெளி விட்டம் மாறவே இல்லை. பக்கத்துக்கு ரப்பர் 12 மி.மீ. குறைந்து உலோகம் கூடியதுதான் மிச்சம். குழியில் விழுந்தால் ரிம் வளைவதும், சின்ன மேடு பள்ளம் முதுகெலும்பில் தெரிவதும் அந்த 12 மி.மீ. போனதால்தான்.

வீல்பேஸை டயர் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஆறாம் தலைமுறையில் 3171-ஐ 704-ஆல் வகுத்தால் 4.5. ஐந்தாம் தலைமுறையில் 19 இன்ச் டயரின் விட்டம் சுமார் 679. 3064-ஐ அதால் வகுத்தாலும் 4.5. வீல்பேஸ் 107 மி.மீ. நீண்டபோது டயர் விட்டமும் 25 மி.மீ. ஏறியதால்தான் பெரிய கார் தளர்ந்து தெரியவில்லை. உங்கள் வரைபடத்தில் இந்த எண் 4.8-ஐத் தாண்டினால் கார் நடுவில் தொய்ந்ததுபோல் இருக்கும். அப்போது வீல்பேஸைக் குறையுங்கள், அல்லது டயரைப் பெரிதாக்கி அதற்கு வேண்டிய வளைவு இடத்தையும் ஸ்டியரிங் திரும்பும் இடத்தையும் ஒதுக்குங்கள்.

போனட் ஏன் இவ்வளவு நீளம்? இப்போ இன்ஜின் எல்லாம் சின்னதாயிடுச்சே?

போனட்டின் மொத்த நீளத்தைவிட, முன்சக்கரத்தின் பின்விளிம்புக்கும் முன்கதவு தொடங்கும் வெட்டுக்கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முன்சக்கரத்தை ஓட்டும் கார்களில் இந்த இடம் ஒடுங்கிப்போகும். இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளி வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டும் காரில் விரியும். மஸராட்டியின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று காற்றுத் துளைகள் இந்த இடத்தில்தான் உட்காருகின்றன. இடம் இல்லாத காரில் அதே துளைகளை ஒட்டினால் கதவோடு முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது எடைப் பங்கீட்டையும் தீர்மானிக்கிறது. 2003 காரில் 4.2 லிட்டர் வி8 முன் அச்சுக்குப் பின்னால் இருந்தது. கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்திருந்தது. முன்னே 47, பின்னே 53 சதவீதம் எடை. 2007-இல் இன்ஜினோடு ஒட்டிய ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது பங்கீடு 49க்கு 51 ஆனது. நகர நெரிசலில் பழைய ரோபோ கியர்பாக்ஸ் (கிளட்சைத் தானே இயக்கிக் கியர் மாற்றுவது) குலுக்கியது, புதியது குலுக்கவில்லை. எங்கள் பார்வையில் அந்த மாற்றம் சரியானதே. நாள் முழுக்க ஓடவேண்டிய காருக்கு இரண்டு சதவீத எடையைவிட மிருதுவான கியர் மாற்றம் பெரிது.

கூரையும் தாழ்வா வேணும், பின்சீட்ல ஆறடி ஆளும் உக்காரணும். இது எப்படிச் சாத்தியம்?

இந்த வகைக் காரின் மையமான கேள்வி இது. மற்றதையெல்லாம் விட்டாலும் இதில் நேரம் செலவழியுங்கள். பின்சீட்டுத் தலையிடத்தை அளக்கும் முறை முதலில் தெரிய வேண்டும். இடுப்புப் புள்ளியிலிருந்து, செங்குத்துக்கு 8 டிகிரி பின்சாய்ந்த கோட்டில் உள்கூரை வரை அளந்து, அதோடு 102 மி.மீ. கூட்டுவார்கள். அந்த 102, இடுப்புப் புள்ளிக்குக் கீழே இருக்கும் உடம்புக்கு.

இடம் தேட நாலைந்து வழிகள் உண்டு, எதுவும் இலவசம் கிடையாது. முதுகைச் சாய்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 25 டிகிரியிலிருந்து 28-க்குப் போனால் உச்சந்தலை சுமார் 18 மி.மீ. தாழ்கிறது. ஆனால் அதே சாய்வில் தலை 37 மி.மீ. பின்னே போகிறது, அங்கே கூரையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கூரை 10 டிகிரி சரிவில் இருந்தால் 6, 7 மி.மீ. திரும்பப் பறிபோகும். நிகர லாபம் 12-க்குள்தான். இருக்கையையே தாழ்த்துவது இரண்டாவது வழி. குதிகாலுக்கும் இடுப்புக்கும் உள்ள உயரம் குறையும்போது முழங்கால் மேலெழும்பி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. அரை மணியில் உறுத்தத் தொடங்கும். அதைச் சரிசெய்யக் காலை முன்னே நீட்ட இடம் வேண்டும், அதாவது முன்சீட்டுக்கு அடியில் பாதம் நுழைய வேண்டும். முன்சீட்டின் மோட்டார்கள் அங்கேதான் இருக்கும், ஆகவே இருக்கைப் பொறியாளரிடம் முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

நல்ல பலன் தருவது கூரையின் உச்சியை ஓட்டுநர் தலைக்கு மேல் கொண்டுவந்து, பின்கண்ணாடியின் மேல்விளிம்பைப் பின்பயணி தலைக்கும் பின்னால் தள்ளுவது. அப்போது கூரை பார்வைக்கு விழுந்துகொண்டே இருக்கும், தலைக்கு மேலே உள்ள குறுக்குச்சட்டம் மட்டும் விலகிவிடும். ஆறாம் தலைமுறையில் பின்கதவுக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு சின்னக் கண்ணாடி வைத்ததும் இந்த நீட்சிக்குத் துணை. அது இல்லாவிட்டால் பின்தூண் பெரிய தகடாகக் கனத்துத் தெரியும். கண்ணாடிக் கூரை வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டால் உள்ளே 30 முதல் 50 மி.மீ. போகும் என்று அப்போதே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு பிழை பின்கதவில் நடக்கிறது. உள்ளே தலையிடம் சரியாக வந்த பிறகும், கதவுத் திறப்பின் மேல்மூலை தாழ்ந்திருந்தால் ஏறும்போது நெற்றி இடிக்கும். காரின் உட்புறத்தை முழு அளவில் மரத்தால் செய்த மாதிரியில் உயரமான ஆளையும் வயதானவரையும் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். கணினித் திரையில் இது பிடிபடாது.

கதவுக் கண்ணாடிக்கு ஃப்ரேம் இல்லாம செய்றது வெறும் ஸ்டைலா?

பெரும்பாலும் ஸ்டைல்தான், அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. ஆறாம் தலைமுறைக் காரில் அப்படித்தான். ஃப்ரேம் போனால் கூரை மெலிந்து தெரியும், இரண்டு கதவு கூப்பேயின் சாயல் நான்கு கதவுக் காருக்கு வரும். விலையாக நீங்கள் தருவது காற்றிரைச்சல். வேகம் ஏறும்போது வெளிக்காற்றின் உறிஞ்சலில் கண்ணாடியின் மேல்விளிம்பு ரப்பரை விட்டுச் சிறிது வெளியே இழுபடும். அதற்காகக் கனமான இரட்டையடுக்குக் கண்ணாடி, கதவு திறக்கும்போது சில மி.மீ. இறங்கி மூடியதும் ஏறி ரப்பருக்குள் புகும் மோட்டார், இரட்டை ரப்பர் எல்லாம் வேண்டும். பேட்டரி தீர்ந்தாலோ பனி உறைந்தாலோ கண்ணாடி இறங்காது. கதவைப் பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும்.

வரைபவர் மறக்கும் வடிவியல் ஒன்று உண்டு. கண்ணாடி கதவுக்குள் இறங்க வேண்டுமானால் அது ஓர் உருளையின் அல்லது பீப்பாயின் துண்டாக இருக்க வேண்டும். மனம்போல வளைத்தால் பாதியில் சிக்கும்.

முகப்புல திரிசூலம் வச்சா மஸராட்டி ஆயிடுமா?

ஆகாது. மஸராட்டியின் சின்னமான திரிசூலம் போலோக்னா நகரத்து நெப்டியூன் சிலையிலிருந்து வந்தது. நிறுவனம் பிறந்த ஊர் அது. ஆனால் ஆறு தலைமுறை குவாட்ரோபோர்ட்டேயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேரடிச் சாயலே இல்லை. 1979-இல் ஜியார்ஜெத்தோ ஜுஜாரோ தந்தது நேர்க்கோடுகளாலான கனத்த பெட்டி. 1994-இல் மார்செல்லோ கந்தீனி ஆப்புபோன்ற உடலும், சாய்த்து வெட்டிய பின்சக்கர வளைவும் கொடுத்தார். 2003-இல் பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தில் கென் ஒகுயாமா வரைந்தது உருண்டு திரண்ட தோள்களோடு வந்தது.

தொடர்ந்து வருபவை நீண்ட முன்பகுதியும், தாழ்ந்து முன்னே வந்த வாயும், தேவைக்கு மேல் குரோமியம் பூசாத அடக்கமும். சின்னங்களைக் கடைசியில் ஒட்டுங்கள். திரிசூலத்தை மறைத்துவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் வேலை சரி.

வரைபடத்துல முகப்பு தாழ்வா அழகா இருக்கு, ஆனா ரோட்ல வர்ற கார் ஏன் மூக்கு தூக்கி நிக்குது?

சட்டங்கள். மோதும் பாதசாரியின் தலை போனட்டில் விழும்போது தகடு அமுங்க வேண்டும். அதனால் தகட்டுக்கும் அடியிலுள்ள இன்ஜின், சஸ்பென்ஷன் கோபுரம் போன்ற கடினப் பாகங்களுக்கும் நடுவே சுமார் 70, 80 மி.மீ. இடைவெளி ஒதுக்குவார்கள். அதைக் குறைக்க ஒரு வழி, மோதல் நேரத்தில் பின்விளிம்பைத் தூக்கும் போனட். அதற்குச் செலவும் எடையும் கூடும், ஒருமுறை தூக்கிவிட்டால் பாகங்களை மாற்ற வேண்டும். தாழ்வொளி விளக்கு ஐக்கிய நாடுகள் விதிப்படி தரையிலிருந்து 500 மி.மீ.-க்குக் கீழே வரக் கூடாது. கண்ணாடியோரத் தூண் ஒவ்வொன்றும் ஓட்டுநர் பார்வையில் 6 டிகிரிக்கு மேல் மறைக்கக் கூடாது. அதே தூண் கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கவும் வேண்டும்.

சின்ன விஷயமாகத் தெரிவது நம்பர் பிளேட். இத்தாலியின் முன்பிளேட் 360-க்கு 110 மி.மீ. மற்ற பல ஐரோப்பிய நாடுகளில் 520-க்கு 110. அமெரிக்காவில் 305-க்கு 152. கிரில்லின் நடுவில் திரிசூலத்தை மட்டும் வரைந்து மகிழ்ந்தவர்கள், பிறகு அதன் கீழே இந்த மூன்றுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். முதல் ஸ்கெட்சிலேயே பிளேட்டை வரைந்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர்லயே எல்லாம் செய்யலாமே, களிமண் மாதிரி எதுக்கு இன்னும்?

திரையில் வெளிச்சம் நாம் வைத்த இடத்திலிருந்து வருகிறது. வெயிலில் அப்படி இல்லை. முதலில் நான்கில் ஒரு பங்கு அளவில் மாதிரி, பிறகு முழு அளவு. இரும்புச் சட்டத்தின்மேல் நுரைப்பலகை, அதன்மேல் அடுப்பில் 60 டிகிரி அளவுக்கு இளக்கிய தொழிற்சாலைக் களிமண் சில செ.மீ. கனத்துக்கு. அரவை இயந்திரம் கணினிக் கோப்பிலிருந்து வடிவத்தைச் செதுக்கும். அதற்குப் பிறகு கைவேலை. இத்தாலியப் பட்டறைகளில் பிளாஸ்டரும் கடினப் பிசினும் கொண்டு மாதிரி செய்யும் மரபும் நீண்டது.

முடிந்ததும் இழுபடும் வண்ணப் படலத்தை மேலே ஒட்டி வெளியே கொண்டுபோங்கள். காலை, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் பாருங்கள். தோள்கோட்டுக்குக் கீழே நிழல் அறுந்து அறுந்து விழுந்தால் மேற்பரப்பில் எங்கோ தட்டையான இடம் இருக்கிறது. அறை வெப்பம் ஏறி இறங்கினால் களிமண் விரியும், வெடிக்கும். இடமும் வலமும் அளவு ஒத்துவராது. 20 முதல் 22 டிகிரியில் நிலையாக வைத்திருங்கள். திருத்திய மாதிரியை ஸ்கேன் செய்து கணினிக்குத் திருப்பி அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வடிவங்கள் தனித்தனியே வளரத் தொடங்கினால் எது இறுதி என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

ஸ்கெட்ச்ல இருந்த கூர்மையான மடிப்பு, தயாரிப்புல மழுங்கிப் போகுதே, யார் தப்பு?

பொதுவாக உலோகத்தை மறந்த வடிவமைப்பாளரின் தப்பு. ஆறாம் தலைமுறையில் கதவுகள், போனட், முன் ஃபெண்டர், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். அலுமினியத் தகடு எஃகைவிடக் குறைவாக இழுபடும். ஆழமாக அழுத்தினால் மூலையில் விரிசல் விழும். அச்சிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கித் தளரும். அதனால் மடிப்பின் ஆரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆரத்தைக் கூட்டியும் கூர்மையாகத் தெரிய வைக்கலாம்: மடிப்புக்கு மேலும் கீழும் உள்ள பரப்புகளுக்கு இடையே கோண வித்தியாசத்தை அதிகமாக்குங்கள். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் எல்லை தெளிவாக விழும், கண் அதைக் கூர்மை என்றே படிக்கும்.

மேற்பரப்பைச் சோதிக்கக் கணினியில் வரிக்குதிரைக் கோடுகளை (கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் பிரதிபலிப்பை) ஓடவிடுவார்கள். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் கோடு முறிந்தால் தொடுகோடு பொருந்தவில்லை. முறியாமல் திடீரென்று திரும்பினால் வளைவு பொருந்தவில்லை. இப்படிப்பட்ட காரில் இரண்டாவது வகைக் குறையையும் விடக் கூடாது. கறுப்பு நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

காத்துத் தடை 0.28, 0.32னு சொல்றாங்க. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை பாடு?

காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது, குறைந்தால் நல்லது. வேகம் கூடக் கூட வித்தியாசம் பெருகும். காற்றைக் கிழிக்க வேண்டிய திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. முகப்புப் பரப்பு 2.35 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 250 கி.மீ.-இல் 0.28-க்கு சுமார் 132 கிலோவாட், 0.32-க்கு 151. மணிக்கு 300 ஆனால் 0.28-க்கே 228 கிலோவாட் வேண்டும்.

இதற்கு மருந்து பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது: தட்டையாக மூடிய அடிப்பாகம், சக்கர வளைவின் முன் சிறு தடுப்பு, டிக்கி விளிம்பில் காற்று அறுந்து பிரியும் கூர்மை. அந்த விளிம்பை அழகுக்காக உருட்டினால் காற்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி, தடையும் பின்பக்கத் தூக்கலும் கூடும். கூரைச் சரிவு பற்றி மேலே சொன்ன திருத்தங்கள் ஒவ்வொன்றுக்குப் பிறகும் காற்றுக் குகையில் (காரின்மேல் காற்றை ஓடவிட்டு அளக்கும் கூடத்தில்) திரும்பச் சோதிக்க வேண்டும். பினின்ஃபரினா 1972-லேயே டூரின் அருகே குருலியாஸ்கோவில் முழு அளவுக் காற்றுக் குகை அமைத்தது இதற்காகத்தான். 2016-இல் குவாட்ரோபோர்ட்டேயைப் புதுப்பித்தபோது, குளிர்ச்சி தேவைப்படாத நேரத்தில் மூடிக்கொள்ளும் மின் ஷட்டரைக் கிரில்லுக்குப் பின்னால் வைத்தார்கள். மற்றத் திருத்தங்களோடு சேர்ந்து காற்றுத் தடை 10 சதவீதம் குறைந்தது.

உள்ளே நல்ல தோலும் மரமும் போட்டா சொகுசு வந்துடும்தானே?

வராது. டேஷ்போர்டின் மேற்பகுதிக்கு வெளிர்நிறத் தோலும் வெள்ளைத் தையலும் போட்டால், வெயிலில் அந்தத் தையல் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். மேலே அடர்நிறம், இடுப்புக்குக் கீழே வெளிர்நிறம் என்று பிரியுங்கள். தோல் இருபக்கமும் வளையும் இடத்தில் சுருங்கும். அங்கே தையல் மூட்டு வரட்டும். ஒரே துண்டாகப் போர்த்த முயன்றால் இரண்டு கோடை தாண்டுவதற்குள் மூலையில் தூக்கிக்கொள்ளும்.

மின்சாரக் காரா மாறினா இந்த விகிதமெல்லாம் போயிடுமா?

பேட்டரியைத் தரை முழுக்கப் பரப்பினால் போய்விடும். தரை 10, 15 செ.மீ. உயர்கிறது. உட்காருபவரையும் அதே அளவு உயர்த்தினால் கூரை ஏறும். உயர்த்தாவிட்டால் பின்சீட்டுக் கேள்வியில் சொன்ன முழங்கால் தொல்லை வரும். கூரை ஏறியதை மறைக்கச் சக்கரத்தைப் பெரிதாக்குவார்கள், அதனால் எடையும் கூடும்.

மஸராட்டியின் இரண்டு கதவு மின்சாரக் காரான கிரான்டூரிஸ்மோ ஃபோல்கோரே வேறு வழி எடுத்தது. 92.5 கிலோவாட் மணி பேட்டரியை இருக்கைகளுக்கு அடியில் வைக்காமல், கியர்பாக்ஸ் சுரங்கத்திலும் முன்பகுதியிலும் பின்சீட்டுப் பக்கத்திலுமாக ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் அடுக்கினார்கள். கூரை உயரம் 1353 மி.மீ.-இலேயே நின்றது. நான்கு தனி இருக்கை கொண்ட செடானுக்கும் இந்த அமைப்பு பொருந்தும், ஏனென்றால் நடுச் சுரங்கத்தில் எப்படியும் யாரும் உட்காரப் போவதில்லை. ஐந்தாவது இருக்கை வேண்டும் என்று கேட்டால் மட்டும் இது நடக்காது. அந்த முடிவை முதல் ஸ்கெட்சுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.